மதிலுக்குள் மிஞ்சிய புதர்க்காடு

சிங்கப்பெருமாள்கோவிலில் திரும்பி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் கண்ணில் படுவதெல்லாம் மதில்தான். கார் ஆலை, டயர் ஆலை, பைக் ஆலை, கன்டெய்னர் கிடங்கு, இடையிடையே கம்பிவேலி போட்ட மனைகள். 1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. பிறகு வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் விரிந்துகொண்டே போயின. முப்பதே ஆண்டுகளில் ஒரு வட்டாரத்தின் ஏரிப்புறமும் மேய்ச்சல் நிலமும் இவ்வளவு வேகமாகக் கைமாறியதைத் தமிழ்நாட்டில் வேறெங்கும் எளிதில் காட்ட முடியாது.

இந்த மதில்களுக்கு நடுவில் கல்லூரி மதில்களும் நீள்கின்றன. பென்னலூர், தண்டலம் பக்கம் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. ஆலைக்கும் கல்லூரிக்கும் நிலத்தைப் பயன்படுத்தும் விதத்தில் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஆலை விரிவாக்கம் வந்தால் காலியிடம் போய்விடும். கல்லூரியில் கட்டடம் போக மீதி நிலம் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். மாடு நுழையாது, யாரும் தீ வைக்க மாட்டார்கள், மண் அள்ள லாரி வராது, பட்டா பிரித்து விற்க மாட்டார்கள். ஓர் உயிரினத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இந்த வட்டாரத்தில் இப்போது கிடைப்பது கடினம். ஆனால் அந்த நிலத்தில் நாம் செய்வது என்ன? ஜேசிபி வைத்துப் புதரைச் சுத்தமாக வழித்துவிட்டு, கொரியன் புல் பதித்து, ஓரத்தில் நெட்டிலிங்கமும் கோனோகார்பஸும் வரிசையாக நட்டு, 'பசுமை வளாகம்' என்று பலகை வைக்கிறோம்.

வளாகத்தில் பல்லுயிர் பெருக வேண்டுமென்றால் முதல் வேலை மரம் நடுவதாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஏற்கெனவே இருக்கும் புதரை, குட்டையை, மொட்டைப் பனையை, வெற்றுத் தரையை அடையாளம் கண்டு விட்டுவைப்பதே முதல் வேலை. நடுவது அதற்கு அப்புறம்.

இந்த மண்ணின் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். புவியியலாளர்கள் 'ஸ்ரீபெரும்புதூர்ப் படிவம்' என்று பெயரிட்டிருக்கும் பாறை அடுக்கு இங்கேதான் இருக்கிறது. அதன் களிப்பாறைகளில் டைலோஃபில்லம் என்ற, சைக்கஸ் போன்ற செடியின் இலைத்தடங்கள் பதிந்திருக்கின்றன. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை அவை. ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது இடைக்கற்காலக் கல்கருவிகள் கிடைத்தன. அதாவது வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் மனிதர் வாழ்வதற்கு ஏற்ற ஒரு காடு இங்கே இருந்திருக்கிறது.

அந்தக் காட்டுக்குத் தாவரவியலாளர் வைத்த பெயர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய சமவெளிக்கே உரிய காடு இது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இதைத் தேடினால் கண்ணுக்குத் தெரியாது. மரங்கள் உயரம் குறைவு, இலைகள் சிறியவை, தடித்தவை, மெழுகு பூசியதுபோல் பளபளப்பவை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அதன் பின் ஆறேழு மாதம் வெயிலைத் தாங்க வேண்டும். அதற்கேற்ற உடம்போடு வளர்ந்தவை காயா, வீரை, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை, வெப்பாலை போன்றவை. இந்தக் காடு வெட்டுப்பட்டு, ஆடுமாடு மேய்ந்து, விறகுக்கு ஒடிக்கப்பட்டு நின்ற நிலைதான் நாம் பார்க்கும் புதர்க்காடு. களா, காரை, சூரை, விராலி, மிளகரணை, ஆதண்டை எல்லாம் அங்கே பின்னிக் கிடக்கும். முள்ளாகத் தெரியும் அந்தப் புதருக்குள்தான் வீரையின் கன்று நிழல் பிடித்து வளர்ந்துகொண்டிருக்கும். ஜேசிபி ஓட்டுபவருக்கு அது தெரிய வழியில்லை. நிலத்தைச் சுத்தப்படுத்தச் சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரகடத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. சென்னை கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. வளாகம் சுமார் 365 ஏக்கர். சேலையூர்க் காட்டின் ஒரு துண்டு அது. அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் ஓய்வு நேரமெல்லாம் தாவரவியலில் கழித்தவர். தென்னிந்திய மலைகளின் செடிகளில் சில புதிய இனங்களையே அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர். அவரும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தின் செடிகொடிகள் மேல் வைத்த அக்கறையின் பலனைத்தான் இன்றைய மாணவர்கள் அனுபவிக்கிறார்கள். நிழல் தரும் மரங்களை நட்டார்கள், உண்மைதான். ஆனால் வளாகத்தின் பெரும்பகுதியைப் புதர்க்காடாகவே இருக்க விட்டது அதைவிடப் பெரிய செயல் என்று எனக்குத் தோன்றுகிறது. தாம்பரம் முழுக்க அடுக்குமாடியாக மாறிய பிறகும் அந்த மதிலுக்குள் களாப்பழம் பழுக்கிறது, கீரி ஓடுகிறது.

கிண்டியில் சென்னை ஐஐடி இன்னொரு சாட்சி. 1959இல் அது தொடங்கியபோது கிடைத்த நிலம் 600 ஏக்கருக்கும் மேல். கிண்டிக் காட்டோடு ஒட்டிய பகுதி அது. பக்கத்திலிருக்கும் கிண்டி தேசியப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஐஐடி வளாகமும் அதை ஒட்டி நிற்பதால்தான் அந்தக் காட்டுக்கு ஓரளவு மூச்சுவிட இடம் கிடைத்தது. வெளிமானும் புள்ளிமானும் வகுப்பறைக்கு அருகில் மேய்வதைப் படம் பிடிக்காத மாணவர் அங்கே குறைவு.

பரப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? 1967இல் ராபர்ட் மெக்ஆர்தரும் எட்வர்ட் வில்சனும் எழுதிய தீவு உயிர்ப்புவியியல் கோட்பாட்டில் இதற்கு விடை உண்டு. ஒரு தீவில் எத்தனை இனங்கள் வாழும் என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. தீவு எவ்வளவு பெரியது, பெருநிலத்திலிருந்து எவ்வளவு தொலைவு. புதிய இனங்கள் வந்து சேரும் வேகமும், இருப்பவை அற்றுப்போகும் வேகமும் ஓரிடத்தில் சமமாகும். அந்த இடத்தில் எண்ணிக்கை நிலைக்கும். தோராயக் கணக்காகச் சொன்னால், பரப்பு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் இனங்கள் ஏறக்குறையப் பாதியாகும். நூறு ஏக்கர் புதர்க்காட்டைப் பத்து ஏக்கராக்கினால் பத்தில் ஒன்பது பங்கு இனங்கள் உடனே போய்விடாது என்பது இதிலுள்ள ஆறுதல். ஆனால் போகிற பாதி எது என்றால், பெரிய இடம் கேட்பவையும் கூச்சமுள்ளவையும்தான். காகமும் மைனாவும் கடைசிவரை இருக்கும்.

வில்சனும் அவர் மாணவர் டேனியல் சிம்பர்லாஃபும் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஃபுளோரிடாவின் கடலோரத்தில் அலையாத்தி மரங்கள் மட்டுமே கொண்ட குட்டித் தீவுகளைத் தேர்ந்தெடுத்து, கூடாரத்தால் மூடி, புகைமருந்து அடித்துப் பூச்சிகளையெல்லாம் அழித்தார்கள். பிறகு என்னென்ன திரும்பி வருகின்றன என்று எண்ணினார்கள். ஓராண்டுக்குள் பெரும்பாலான தீவுகளில் இனங்களின் எண்ணிக்கை பழைய அளவை எட்டிவிட்டது. கரையிலிருந்து மிகத் தொலைவில் இருந்த தீவு மட்டும் பின்தங்கியது.

ஒரகடம் கல்லூரிகளுக்கு இதில் நல்ல செய்தி இருக்கிறது. தொலைவு இங்கே குறைவு. கிழக்கே வண்டலூர்க் காப்புக்காடு. அதற்குள் 1985இல் திறந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா, 602 ஹெக்டேர். அதன் ஓட்டேரி ஏரிக்கு ஆண்டுதோறும் நீர்ப்பறவைகள் வருகின்றன. இன்னும் கிழக்கே நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிட்ட கல்குவாரியில் கொம்பன் ஆந்தை குடித்தனம் நடத்துகிறது. வடக்கே செம்பரம்பாக்கம் ஏரி, அந்த ஏரிக்குத் தெற்கிலும் மேற்கிலும் மணிமங்கலம், பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று ஏரிக்கு ஏரி கரை உண்டு. விதை சுமக்கும் கொண்டைக்குருவியும் குயிலும் ஒரு கரையிலிருந்து அடுத்த கரைக்குப் பறந்தபடியேதான் இருக்கின்றன. நடுவில் உட்கார்ந்து எச்சமிட ஒரு புதர் வேண்டும், அவ்வளவுதான். வளாகம் அந்த இடைத்தங்கலாக இருக்க முடியும்.

இனி சில உயிர்களை அருகில் போய்ப் பார்க்கலாம்.

பனையில் தொடங்குகிறேன். இந்த வட்டாரத்தில் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் நின்ற பனைகள் பல இப்போது கல்லூரி வளாகத்துக்குள் சிக்கி நிற்கின்றன. தோட்டப் பராமரிப்புக்கு வந்தவர் முதலில் செய்வது, காய்ந்து தொங்கும் பனையோலைகளை வெட்டிப் பனையை 'அழகாக்குவது'. பனை உழவாரன் என்று ஒரு பறவை. கைவிரல் நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய உடம்பு, அரிவாள்போல் வளைந்த இறக்கை, பகல் முழுக்க வானத்திலேயே பூச்சி பிடிக்கும். அது கூடு கட்டும் இடம், தொங்கும் காய்ந்த பனையோலையின் மடிப்பு. காற்றில் பறக்கும் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஓலையில் ஒட்டி, உள்ளங்கையில் பாதியளவு ஒரு கிண்ணம் செய்யும். காற்றில் ஓலை ஆடும், கூடும் ஆடும், முட்டை விழாது. அந்த ஓலையை வெட்டினால் அதற்கு மாற்று ஏற்பாடு கிடையாது. தலை போன மொட்டைப் பனையும் அப்படியே. அதன் பொந்தில் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் கிளியும் முறைவைத்துக் குடியிருக்கும். 'பட்டுப்போன மரம், விழுந்தால் ஆபத்து' என்று வெட்டுவது வழக்கம். நடைபாதைக்குப் பக்கத்தில் நின்றால் வெட்டலாம், சரி. மைதானத்தின் மூலையில் நிற்பதை ஏன் வெட்ட வேண்டும்?

அடுத்தது குட்டை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கட்டிய வளாகங்களில் மழைக்காலத்தில் எங்காவது தண்ணீர் தேங்கும். பழைய வரத்துக்கால் மீது மண்ணைக் கொட்டி மேடாக்கியிருந்தாலும், தண்ணீர் தன் வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட வேண்டி வந்ததற்கு, 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் அந்த ஏரிக்கு மேலே இருக்கும் எத்தனையோ சிற்றேரிகளும் குட்டைகளும் நிரம்பி வழிந்தது ஒரு காரணம். குட்டை ஒவ்வொன்றும் கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. அதோடு தவளைகளைப் பெற்றுத் தருகிறது.

முதல் கனமழை இரவில் போய்ப் பாருங்கள். மற்ற நாளில் சேற்று நிறத்தில் இருக்கும் ஆண் பெருந்தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக மாறியிருக்கும். தொண்டையின் இரு பக்கமும் நீலப்பைகள் புடைக்கும். சிறு தவளை இனங்கள் கட்டைவிரல் நகமளவே இருந்தாலும், அவற்றின் சத்தம் விடுதி ஜன்னல்வரை கேட்கும். தலைப்பிரட்டைகள் சில வாரங்களில் கால் முளைத்துக் கரையேறிவிட வேண்டும், ஏனென்றால் பிப்ரவரியில் குட்டை வற்றிவிடும். வற்றுவதால்தான் அங்கே மீன் இல்லை. மீன் இல்லாததால்தான் தலைப்பிரட்டைகள் பிழைக்கின்றன. தற்காலிகக் குட்டையின் சூட்சுமமே இதுதான். 'வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்கட்டும்' என்று அதை ஆழப்படுத்தி, கான்கிரீட் சுவர் எழுப்பி, நீரூற்று வைத்து, கொசுவுக்காகக் கம்பூசியா மீன் விட்டால் அது வேறு குளமாகிவிடும். கம்பூசியா கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையையும் தட்டானின் குஞ்சுப்புழுவையும் தின்னும். கொசுப்புழுவைத் தின்ன அவை இரண்டும் ஏற்கெனவே அங்கே இருந்தவைதாம். செங்குத்துச் சுவரில் தவளைக்குஞ்சால் ஏறவும் முடியாது. குட்டைக்குச் சரிவான மண்கரை வேண்டும், கரையில் கோரையும் புல்லும் வேண்டும். இதற்கு எந்த நிறுவனத்தையும் கூப்பிட வேண்டாம்.

பட்டாம்பூச்சித் தோட்டம் என்று இப்போது பல கல்லூரிகளில் ஒரு மூலை ஒதுக்குகிறார்கள். பார்க்க நிறைவாக இருக்கும், இட்லிப்பூவும் லண்டானாவும் பூத்துக் குலுங்கும். பட்டாம்பூச்சி அங்கே தேன் குடிக்க வரும், முட்டையிட வராது. புழுவுக்கு இலை வேண்டும், அதுவும் குறிப்பிட்ட செடியின் இலை. வெந்தய வரியன் எருக்கின் இலையில் முட்டையிடும். சிவப்புடல் அழகி ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்துக் கொடியை விட்டால் வேறு எதையும் தொடாது. அந்தக் கொடியின் நஞ்சைப் புழுப் பருவத்திலேயே உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைச் சீண்டுவதில்லை. அதன் பாதுகாப்பைக் கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஒரு சாரார் இரவல் வாங்கியிருக்கின்றன. நஞ்சே இல்லாமல், சிவப்புடல் அழகியின் சிவப்புப் புள்ளிகளையும் வெள்ளைப் பட்டையையும் அச்சாக அணிந்து பறக்கும். ஒரு மாணவருக்குப் பரிணாமத்தைக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடையாது, அதுவும் வகுப்பறை வாசலிலேயே. எருக்கையும் பாளைக்கொடியையும் 'களை' என்று பிடுங்கும் வளாகத்தில் இந்தப் பாடம் நடக்காது.

இப்போது வெற்றுத் தரை. இதைச் சொல்லும்போதுதான் பசுமை ஆர்வலர்களே முகம் சுளிப்பார்கள். சரளைக்கல் கிடக்கும், புல் திட்டுத்திட்டாக முளைத்த காலியிடத்தைப் பார்த்தால் யாருக்கும் கன்று நடத் தோன்றும். ஆனால் ஆட்காட்டிப் பறவை கூடு கட்டுவதே அங்கேதான். கூடு என்று சொல்வதுகூட அதிகம், தரையில் சிறு பள்ளம், பெரும்பாலும் நான்கு முட்டை. முட்டையின் புள்ளிகள் சரளையோடு கலந்துவிடும், மிதிக்கும் தூரத்தில் நின்றாலும் தெரியாது. வானம்பாடி, கௌதாரி, பஞ்சுருட்டான் எல்லாம் திறந்த நிலத்தை நம்பியவை. கிண்டி வெளிமானும் அதே கட்சி. அடர்ந்த மரநிழல் புள்ளிமானுக்குச் சரிப்படும், வெளிமானுக்குப் புல்வெளி வேண்டும். திறந்தவெளி சுருங்கச் சுருங்க வெளிமான் குறையும். மரம் நட்டதால் ஓர் உயிர் குறையும் என்பது நம் மேடைப்பேச்சுகளில் இடம்பெறாத உண்மை.

அதனால்தான் ஜப்பானின் அகிரா மியாவாக்கி உருவாக்கிய அடர்வன முறையை எல்லா வளாகத்திலும் பின்பற்றுவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்று என்று நெருக்கி நட்டால் இரண்டு மூன்று ஆண்டில் பச்சைச் சுவர் எழும்பும், புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். மாநகரத்துக் குப்பை மேட்டை மூட அது உதவலாம். இயற்கையாகப் புதர் முளைக்கும் செம்மண் தரையில் அந்தச் செலவு எதற்கு? சுற்றி வேலி போட்டு, ஆடுமாட்டைத் தடுத்து, நெருப்பைத் தடுத்து, சில ஆண்டு காத்திருந்தால் மண்ணில் தூங்கும் விதையும் பறவை கொண்டுவரும் விதையும் முளைக்கும். நட்டே ஆக வேண்டும் என்றால் புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் செய்ததைப் பார்க்கலாம். 1968இல் அது தொடங்கியபோது நீரரிப்பால் பள்ளமும் மேடுமாகக் கிடந்த செம்மண் நிலம் அது. முதலில் வரப்பு போட்டு மழைநீரை நிறுத்தினார்கள். பிறகு கோயில் காடுகளில் மிஞ்சியிருந்த மரங்களிலிருந்து விதை சேகரித்து, உலர் பசுமைமாறாக் காட்டு இனங்களையே நாற்றங்காலில் வளர்த்து நட்டார்கள். அங்குள்ள பிச்சாண்டிக்குளம் வனத்தின் அனுபவம்தான் பிறகு சென்னையில் அடையாறு தொல்காப்பியப் பூங்காவைச் சீரமைக்கவும் கைகொடுத்தது. ஒரகடத்துக் கல்லூரி ஒன்று இன்று நாற்றங்கால் வைக்க நினைத்தால் விதைக்கு வெகுதூரம் போக வேண்டாம். ஏரிக்கரை ஐயனார் கோயில் தோப்பில் ஒரு வீரை, ஓர் உலக்கைப்பாலை இருந்தால் போதும், தொடங்கலாம். ஆலும் அத்தியும் ஒவ்வொன்றாவது கட்டடத்திலிருந்து தள்ளி நிற்கட்டும். மற்ற மரங்கள் பழுக்காத மாதங்களிலும் அவை பறவைக்குப் பழம் தரும்.

எதை நடக் கூடாது என்பதில் இப்போது அரசே பேசத் தொடங்கிவிட்டது. வேகமாக வளரும், மாடு தின்னாது, வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்பதால் வளாகங்களின் செல்லப்பிள்ளையாக இருந்த கோனோகார்பஸை 2023இல் குஜராத் தடை செய்தது, 2025இல் தமிழ்நாடும் தடை விதித்தது. பூச்சியோ பறவையோ அண்டாத வேலி அது. அதன் மகரந்தம் சுவாச ஒவ்வாமையைத் தூண்டுவதாகவும் புகார் உண்டு. சீமைக்கருவேலம் விஷயம் இன்னும் சிக்கல். ஏரி உள்வாயிலும் வளாக மூலையிலும் அது மண்டிக் கிடக்கிறது. ஒரே வாரத்தில் ஜேசிபி விட்டு எல்லாவற்றையும் பெயர்த்தால், கிளறிய மண்ணில் அடுத்த மழைக்கு அதன் விதையே ஆயிரக்கணக்கில் முளைக்கும். அதில் கூடு வைத்திருக்கும் கொக்குக்கும் புகலிடம் போகும். ஒரு துண்டை வேரோடு எடுத்து, அங்கே நாட்டுப் புதர் கால் ஊன்றிய பிறகு அடுத்த துண்டுக்குப் போவது நல்லது. முளைக்கும் கன்றுகளை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கையால் பிடுங்க வேண்டும். சில ஆண்டு வேலை இது, விழா எடுத்து முடிக்கிற வேலை இல்லை.

புதர் என்றால் பாம்பு வரும் என்ற பயத்தை யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது. கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் இந்த வட்டாரத்தில் உண்டு. பெற்றோர் பிள்ளையை விடுதியில் விட்டுப் போகிறார்கள், அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பாம்பைக் கட்டடத்துக்கு இழுப்பது எலி, எலியை இழுப்பது விடுதி மெஸ் எச்சில். குப்பைத்தொட்டியை மூடி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். நாய்க்கூட்டமும் குறையும். முயலையும் கீரியையும் ஆட்காட்டிக் குஞ்சையும் வளாகங்களில் அதிகம் கொல்வது நாய்தான். கட்டடத்தைச் சுற்றியும் நடைபாதை ஓரத்திலும் சில மீட்டருக்குப் புல்லை ஒட்ட வெட்டி வைக்கலாம், அதற்கு அப்பால் புதரை விடலாம். இரவில் நடக்கும் பாதையில் மட்டும், தரையைப் பார்த்து விழும் மங்கிய மஞ்சள் விளக்கு போதும். மைதானம் முழுக்க விடியவிடிய எரியும் வெள்ளை எல்இடி விளக்கு அந்துப்பூச்சிகளைக் கும்பலாக இழுத்துச் சாகடிக்கிறது.

இந்த விஷயத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் நமக்குத் தெரியும். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பை அறிந்தவர்கள். 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் நஞ்சுமுறி மருந்துக்கான மூலப்பொருளில் பெரும்பங்கு வருகிறது. அச்சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பு மட்டுமில்லாமல் மூலிகை, கிழங்கு, எந்தச் செடி எந்த மாதம் விதைவிடும் என்பதும் அவர்களுக்கு அத்துப்படி. தாவரவியல் துறைக்கு அருகில் இப்படி ஒரு சமூகம் இருந்தும் அவர்களைத் தோட்டக் கூலியாக மட்டும் வளாகத்துக்குள் விடுவது நம் கல்வியின் பெரிய இழப்பு. அவர்களை ஆலோசகராக, அதற்குரிய ஊதியத்தோடு அழைக்க வேண்டும்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று எப்படித் தெரியும்? கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்குக் காட்டப் பல கல்லூரிகள் பசுமைத் தணிக்கை செய்து வைத்திருக்கின்றன. அதில் பெரும்பாலும் மரங்களின் எண்ணிக்கையும் நடும் விழாப் படங்களும் இருக்கும். எண்ண வேண்டியது இனங்களை. ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதம், ஒரே நேரம், ஒரே பாதையில் கால் மணி நேரம் நடந்து, பார்த்த பறவைகளை எல்லாம் எழுதினால் சில ஆண்டுகளில் அது அறிவியல் தரவாகிவிடும். 2015 முதல் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும், பிப்ரவரியில் வளாகப் பறவைகள் கணக்கெடுப்பும் நடக்கின்றன. மாணவர்கள் ஈபேர்ட் செயலியில் பட்டியல் போட்டால் அது நாட்டின் கணக்கோடு சேர்ந்துவிடும். காகம், மைனா என்று தெரிந்ததை மட்டும் எழுதினாலும் பயன் உண்டு. ஆட்காட்டி போன ஆண்டு இருந்து இந்த ஆண்டு இல்லையென்றால், அந்த மைதானத்தில் என்ன மாறியது என்று கேட்க அந்தப் பட்டியல்தான் கைகொடுக்கும்.

பட்டியல் என்ன சொன்னாலும் தோட்டத்தில் வேலை நடப்பது ஒப்பந்தத்தின்படிதான். பராமரிப்பு கான்ட்ராக்டில் எழுதியிருப்பது பொதுவாகப் புல்தரைக்கு இத்தனை சதுர மீட்டர், சருகு தினமும் கூட்ட வேண்டும், செடி கத்தரிக்க வேண்டும் என்பவைதான். கூட்டிய சருகு மூலையில் குவிந்து எரிகிறது. மண்புழுவும் மரவட்டையும் மண்ணுக்குத் திருப்பித் தரவேண்டிய சத்து புகையாகப் போகிறது. எஸ்டேட் அலுவலர் அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது சில வரிகளைச் சேர்த்தால் போதும். பனையின் காய்ந்த ஓலையை வெட்டக் கூடாது. புதர்ப் பகுதியிலும் மரத்தடியிலும் சருகைக் கூட்டக் கூடாது, எங்கேயும் எரிக்கக் கூடாது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை திறந்த மைதான ஓரத்தில் இயந்திரம் ஓட்டக் கூடாது. மழைக்குப் பின் சீமைக்கருவேலக் கன்று பிடுங்குவதற்குத் தனிக் கூலி. இவற்றுக்குப் புதிதாக நிதி கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. கோடையில் கொரியன் புல்லைப் பச்சையாக வைக்க இறக்கும் டேங்கர் லாரித் தண்ணீரை நிறுத்தி, புல்தரையைப் பாதியாகக் குறைத்தால், அந்தப் பணத்திலிருந்தே இந்த ஆண்டு தொடங்கலாம்.